பட்டியலின் கடைசி வரி

ஜனவரி 9

குண்டூசிக்கு,

இது பாசத்தில் எழுதும் கடிதம் இல்லை. கைப்பயிற்சி. தினமும் ஒரு பக்கம் இடது கையால் எழுத வேண்டும் என்று பிசியோதெரபி டாக்டர் உத்தரவு போட்டிருக்கிறார். "யாருக்காவது லெட்டர் எழுதுங்க, மனசும் லேசாகும்" என்றார். ஒரு பக்கம் நிறைகிற அளவுக்கு எனக்கு ஒரே ஓர் ஆள்மேல்தான் கோபம் இருக்கிறது. அதனால் உனக்கு.

எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். புரியாவிட்டால் இன்னொரு தடவை படி. இவ்வளவு எழுதவே எனக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கிறது, உனக்குப் படிக்கக் கசக்கிறதா?

போன் செய்யாதே. ஏழு மாதமாக எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் பாதியாகிவிடும். பாதிக் கோபம் எனக்குப் போதாது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "இனிமே உனக்கு எதுக்குக்கா இந்த கம்ப்யூட்டர் வேலையெல்லாம்? பேசாம அம்மாகூட இரு." நம் குடிநீர் ஆபீஸ் வால்வுக் குழியின் இரும்பு மூடி விழுந்தது என் வலது கைமேல். தலைமேல் இல்லை. மூன்று விரல் போய்விட்டது, கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். ஊருக்குப் போகிற தண்ணீர் எந்தக் குழாயில் ஒழுகுகிறது என்று நான் என்றைக்காவது விரலை விட்டா பார்த்தேன்?

எனக்கு மயக்கம் தெளிவதற்குள் என் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாய். நன்றாக உட்கார். முதுகுப் பக்கம் ஒரு ஸ்பிரிங் குத்தும்.

பக்கம் முடிந்தது.

அக்கா


ஜனவரி 14

அன்புள்ள அக்கா,

கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். எழுத்து புரியாமல் இல்லை.

முதலில் நாற்காலி. நான் அதில் உட்காரவில்லை. கம்ப்யூட்டர் அறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அதில்தான் உட்காருகிறேன். உன் வேலையை யாராவது பார்க்க வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். நான் போடாவிட்டால் வேறு யாராவது போட்டிருப்பார்கள். இது ஒரு சமாதானமா என்று நீ கேட்பாய். இல்லைதான். ஆஸ்பத்திரியில் சொன்னதைப் பற்றி நாலு வரி எழுதி, நாலையும் அடித்துவிட்டேன். நேரில் சொல்கிறேன், நீ கதவைத் திறந்தால்.

எழுதுவதற்கு வேறு இரண்டு காரணம் இருக்கிறது. உனக்கு ஆபீஸிலிருந்து கடிதம் வரும். அதற்கு முன்னால் என் வாயால் தெரியட்டும்.

பிப்ரவரி 20ஆம் தேதி உனக்குப் பணித் தகுதித் தேர்வு. மூன்று பேர் குழு: நம் மேனேஜர், ஒரு டாக்டர், பணியாளர் பிரிவில் இருக்கும் அந்தக் கண்ணாடி போட்ட மேடம். ஏதாவது ஒரு மண்டலத்தின் ஒரு மாத மீட்டர் அளவுகளைத் தருவார்கள். தண்ணீர் எங்கே காணாமல் போகிறது என்று இரண்டு மணி நேரத்தில் நீ கண்டுபிடிக்க வேண்டும். முடியாவிட்டால் உன்னைத் தரைத்தளத்தில் தபால் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். திரும்ப மேலே வரும் வழி இல்லை.

அடுத்தது, புது மெஷின் வந்திருக்கிறது. நாம் கணக்குப் போடுகிற நிரல்மொழி அதில் ரெடிமேடாக ஓடவில்லை. பழையபடி மூல நிரலான சோர்ஸிலிருந்து நாமேதான் கட்ட வேண்டும். என்னைக் கட்டச் சொல்லியிருக்கிறார் சுத்தம் சார். மேனேஜருக்கு நீ வைத்த அந்தப் பெயர் இப்போது மாடி முழுக்க ஓடுகிறது. மனுஷன் இன்னமும் நாளுக்கு இருபது தடவை "சுத்தமா இருக்கணும்" என்கிறார்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜனவரி 19

குண்டூசிக்கு,

தபால் பிரிவா! மூன்று விரல் இல்லாதவளைக் கவர் ஒட்ட அனுப்புகிற புத்தி யாருக்கு வந்தது? கவரைப் பிடிக்க ஒரு கை வேண்டும், ஒட்ட ஒரு கை வேண்டும். கம்ப்யூட்டருக்காவது ஒரு கையும் கொஞ்சம் மூளையும் போதும். தகுதித் தேர்வு வைக்க வேண்டியது எனக்கா, இதை யோசித்தவர்களுக்கா?

வருகிறேன் என்று சொல்லிவிடு. பயந்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் என் சார்பாகச் சிரி. உனக்குச் சிரிக்கத் தெரியாது, இருந்தாலும் முயற்சி செய்.

இப்போது கவனமாகக் கேள். நான் எப்படி வேலை செய்வேன் என்று உனக்குத் தெரியும். மற்றவர்கள்போல முழு நிரலையும் எழுதி முடித்துவிட்டு ஓட்டிப் பார்க்கிறவள் இல்லை. மொழியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரி கேட்பேன். பதில் வரும். அதே வரியில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி மறுபடி கேட்பேன். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. ஆடுகிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும்? தண்ணீர்க் கணக்கு இப்படித்தான் எனக்குப் பால் கொடுக்கும்.

முன்னால் கேட்ட வரியைத் திரும்பக் கொண்டுவர மேல் அம்பு. வரிக்குள் நகரப் பக்க அம்பு. அந்த நாலு அம்பும் கீபோர்டில் வலது மூலையில் இருக்கின்றன, என் சுண்டுவிரல் போய் உட்காருகிற இடத்திலேயே. எழுத்துக்கு இடது கை, அம்புக்குச் சுண்டுவிரல். வீட்டு லேப்டாப்பில் நாலு மாதமாகப் பழகிவிட்டேன். அம்மா சாட்சி. "ஒத்த விரலை வச்சுக்கிட்டு என்னடி இந்த ஆட்டம் ஆடுற" என்கிறாள்.

அந்த அம்புகள் வேலை செய்ய மொழியோடு ஒரு சின்னத் துணை நிரல் வேண்டும், வரி திருத்தும் மாட்யூல். கட்டும்போது எதெதைச் சேர்ப்பது என்கிற பட்டியலில் 'வேண்டுமானால் சேர்க்கலாம்' என்கிற வகையில் அது வரும். சேர்க்காமல் கட்டினால் மேல் அம்பை அழுத்தும்போது பழைய வரி வராது, திரையில் குப்பை விழும். போன மெஷினுக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து கட்டினோமே, அதில் இருந்தது. இதிலும் சேர்.

இது ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன். கேட்கிறேன் என்றால் கெஞ்சுகிறேன் என்று அர்த்தமில்லை.

அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்கா,

கேட்டுப் பார்த்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

"சார், வரி திருத்துற மாட்யூலை மட்டும் சேர்த்துக்கலாமா?" என்றேன்.

"யாருக்கு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"யாருக்குன்னு கேட்டேன்ப்பா."

"அக்காவுக்கு, சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஒருத்தருக்காக ஒரு மாட்யூலா? நாளைக்கு இன்னொருத்தர் பாட்டு கேக்குற மாட்யூல் வேணும்பார். இப்படிச் சேர்த்துக்கிட்டே போனா எது உடைஞ்சாலும் நான்ல பதில் சொல்லணும்? பட்டியல் சுத்தமா இருக்கணும். அதுவும் தேர்வு நேரத்துல உங்கக்காவுக்குச் சலுகை பண்ணினேன்னு உனக்குப் பேர் வேணுமா?" என்றார்.

பதினோரு மாட்யூல்கள் எழுதிய தாளைக் கொடுத்தார். அது மட்டும்தான். வரி திருத்துவதற்கான வரியைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். யாரும் கேட்காமல் தானாகச் சேர்ந்துவிடக் கூடாத சிலவற்றைக் கீழே 'கட்ட வேண்டாதவை' என்று தனித் தலைப்புப் போட்டு எழுதச் சொன்னார். ஒலி, படம், விளையாட்டுச் சமாசாரங்கள். அதையும் செய்தேன்.

அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. நீ வரியைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஆகாதா? கொஞ்சம் மெதுவாகத்தான் ஆகும். கூடுதல் நேரம் கேட்டு எழுதலாம். மேடம் நல்லவர், கொடுப்பார்.

கோபித்துக்கொள்ளாதே.

தம்பி


ஜனவரி 30

குண்டூசிக்கு,

"யாருக்கு?" என்று அவர் கேட்டதும் வாயடைத்து நின்றாய் பார், அங்கேயே தோற்றுவிட்டாய். "வேலை செய்றவங்களுக்கு சார்" என்று சொல்ல எத்தனை விரல் வேண்டும்?

வேண்டுமானால் சேர்க்கலாமாம். யாருக்கு வேண்டுமானால்? பத்து விரலும் உள்ள எவனோ உட்கார்ந்து எழுதிய பட்டியல் அது. அவனுக்கு அது வேண்டுமானால். எனக்கு அது கை. இரண்டாவது மாடிக்கு லிஃப்டும் வேண்டுமானால்தான், படிக்கட்டு இருக்கிறதே. சுத்தம் சார் என்றைக்காவது படியேறி வந்து நீ பார்த்திருக்கிறாயா?

சலுகை என்கிறார். அந்தக் குழி யாருடைய குழி? மூடியின் கீல் உடைந்திருக்கிறது என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தது யார்? அதைச் சரிசெய்வதையும் 'வேண்டுமானால்' என்கிற பகுதியில்தான் எழுதி வைத்திருந்தார்கள்போல.

உன் கூடுதல் நேரத்தை நீயே வைத்துக்கொள். மெதுவாக அடித்தால் என்ன எழுதுவார்கள் தெரியுமா? 'வேலை தெரிகிறது, ஆனால் மெதுவாக.' அந்த 'மெதுவாக' நான் ஓய்வு பெறுகிற நாள்வரை என் ஃபைலில் இருக்கும். மெஷினின் ஊனத்தை என் ஊனமாக எழுதிக்கொள்ள நான் கையெழுத்துப் போட மாட்டேன். இடது கையாலும் போட மாட்டேன்.

நீ சேர்க்காவிட்டால் போ. சோர்ஸ் எல்லோரும் படிக்கிற இடத்தில்தான் இருக்கிறது. என் ஃபோல்டரில் எனக்கென்று ஒன்றை நானே கட்டிக்கொள்வேன். எலி வளையானாலும் தனி வளை. வீட்டில் ஒத்திகையும் பார்த்துவிட்டேன். ஒரு கையும் ஒரு விரலுமாக, ஆரம்பம் முதல் முடிவுவரை முப்பத்தெட்டு நிமிடம்.

இனிமேல் உனக்கு எழுத மாட்டேன். அம்மாவின் மளிகைப் பட்டியலை எழுதிப் பக்கத்தை நிரப்பிக்கொள்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 8

அக்கா,

சேர்த்துவிட்டேன்.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் செய்தேன். சுத்தம் சார் வெளியே போயிருந்தார். பட்டியலைத் திறந்து உன் வரியை எழுதி, முதலிலிருந்து மறுபடி கட்டினேன். அதற்கு வேண்டிய துணைக் கோப்புகள் எல்லாம் மெஷினில் இருக்கின்றனவா என்று முன்னாலேயே பார்த்துவிட்டேன். ஒரு பிழை இல்லாமல் கட்டி முடிந்தது. அம்பை அழுத்திப் பார்க்கலாம் என்று கையை வைத்தபோது அவர் செருப்புச் சத்தம் கேட்டது, மூடிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சொன்னதற்கு எதிராக ஒரு காரியம் செய்திருக்கிறேன், நன்றாக இருக்கிறது.

நீ தனியாக எதையும் கட்ட வேண்டாம். நேராக வந்து உட்கார்ந்து வேலையை ஆரம்பி. யாரிடமும் சொல்லாதே.

தேர்வு அன்று உறவுக்காரன் கட்டடத்தில் இருக்கக் கூடாதாம். என்னை பம்ப் ஹவுஸுக்கு அனுப்புகிறார்கள்.

தம்பி


பிப்ரவரி 21

குண்டூசிக்கு,

நீ பம்ப் ஹவுஸில் எங்கே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாயோ தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன். இது இரண்டு பக்கத்துக்கு மேல் போகும், டாக்டர் சந்தோஷப்படுவார்.

நாற்காலி அப்படியே இருந்தது. ஸ்பிரிங்கும் அப்படியே இருந்தது. பக்கத்தில் உன் ஸ்டூலையும் பார்த்தேன். சரி, அந்த ஒரு விஷயத்தில் உன்மேல் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று பேரும் எதிரில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஏழாவது மண்டலத்தின் அளவுகள். மொழியைத் திறந்து, இடது கையால் முதல் வரி அடித்தேன். பதில் வந்தது. ஓர் எண்ணை மாற்றலாம் என்று சுண்டுவிரலை மேல் அம்பில் வைத்து அழுத்தினேன்.

திரையில் ஒரு கூரைக்குறி, இரண்டு சதுர அடைப்புக்குறி, ஓர் 'ஏ'. இன்னொரு தடவை அழுத்தினேன். இன்னொரு குப்பை. உன் கடிதத்தை நம்பி வந்து உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நிமிடம் எப்படி இருந்தது என்று எழுத வேண்டாம். உன்னைப் பெற்ற வயிற்றில்தானே என்னையும் பெற்றாள் என்று நினைத்தேன். வேறு கெட்ட வார்த்தை எதுவும் உடனே கிடைக்கவில்லை.

"ஏதாவது கஷ்டமா?" என்றார் டாக்டர்.

"எனக்கில்லை சார். மெஷினுக்கு" என்றேன்.

"எல்லாருக்கும் ஒரே மெஷின்தாம்மா. நீங்க வரியைத் திரும்ப அடிச்சே பண்ணலாம், யாரும் தடுக்கலை" என்றார் சுத்தம்.

அடிக்கவில்லை. நீ எப்படிக் கட்டினாய் என்று பார்க்கப் பட்டியலைத் திறந்தேன். மேலே பதினோரு மாட்யூல். பிறகு 'கட்ட வேண்டாதவை' என்ற தலைப்பு. அதற்குக் கீழே ஒலி, படம், விளையாட்டு. எல்லாவற்றுக்கும் கீழே, கடைசியில், ஓரமாக, என் வரி.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இவளுக்குக் கழன்றுவிட்டது என்று டாக்டர் குறித்துக்கொண்டிருப்பார். எனக்கு எப்படிச் சிரிக்காமல் இருக்க முடியும்? பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய்க்கு நிற்கும்போது கடைசி. பஸ்ஸில் ஏறக் கடைசி, பந்தியில் உட்காரக் கடைசி. கல்யாண போட்டோவில் நீ எங்கே இருக்கிறாய் என்று அம்மா பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவாள். எந்த வரிசையைப் பார்த்தாலும் அதன் வாலில் போய் மரியாதையாக நிற்கிறவன் நீ. பட்டியலிலும் போய் அதே மாதிரி நிறுத்தியிருக்கிறாய், என் கையை. அந்தத் தலைப்புக்குக் கீழே எது இருந்தாலும் மெஷின் கட்டாது, கேள்வியும் கேட்காது. அது எப்படிப் பிழை காட்டும்? நீ சொன்னதைத்தான் அது செய்தது.

நீ ஏமாற்றவில்லை என்று தெரிந்ததும் எனக்கு இரண்டு கையும் முளைத்துவிட்டது. சோர்ஸை என் ஃபோல்டருக்கு எடுத்தேன். கடைசி வரியை வெட்டி முதல் வரியாக ஒட்டினேன். கட்ட ஆரம்பித்தேன். திரையில் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தபோது "இவங்க என்ன பண்றாங்க?" என்றார் மேடம். "மொழியைக் கட்டுறேன் மேடம். இது முடிஞ்சதும் வேலையை ஆரம்பிக்கிறேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

முப்பத்து நாலு நிமிடம். என் சொந்தச் சாதனையை நானே முறியடித்தேன். பிறகு முழு வேகத்தில் கேட்டேன், கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். பள்ளிக்குப் பின்னால் போகும் பெரிய குழாயில், இரண்டாவது வால்வுக்கும் மூன்றாவது வால்வுக்கும் நடுவில் ஒழுகுகிறது என்று பிடித்துவிட்டேன். இரண்டு மணி நேரம் முடிய நாலு நிமிடம் இருந்தது.

சுத்தம் எழுந்து நின்றார். "அங்கீகாரம் இல்லாத பில்டுல செஞ்சதை எப்படி ஏத்துக்க முடியும்? நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு கட்டுவாங்க. ரிசல்ட் செல்லாது" என்றார். 'தகுதி நிரூபிக்கப்படவில்லை' என்று ஒரு தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போடவில்லை. "கை இருக்கு, போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். லிஃப்டில் வரவில்லை. படியில் இறங்கி வந்தேன்.

உன் பெயரை நான் எடுக்கவே இல்லை.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி பம்ப் ஹவுஸுக்குப் போய், மோட்டார் பக்கத்தில் நின்று படித்தேன். அந்தச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது.

கடைசியில்தான் எழுதினேன். யோசிக்கவே இல்லை. புதிதாக வருவது கடைசியில்தானே நிற்க வேண்டும் என்று கை தானாகப் போய்விட்டது. தலைப்பை நானே எழுதியிருக்கிறேன், எனக்கே கண் தெரியவில்லை. கட்டி முடிந்ததும் 'சேர்க்கப்படாதவை' என்று கடைசியில் ஒரு பட்டியல் வரும் இல்லையா, அதைப் படித்திருந்தால் போதும். செருப்புச் சத்தத்தில் அதையும் மூடிவிட்டேன்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. நேற்று சுத்தம் சார் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். "உங்கக்கா விஷயம்னுகூடப் பார்க்காம, வேண்டாதவை லிஸ்ட்ல தெளிவா எழுதி வச்சிருக்கியே. இதுதாம்ப்பா சுத்தம்" என்றார். நான் சொன்னபடி கேட்டேன் என்று நினைக்கிறார். என் தப்பைப் பார்த்து என்னை நல்லவன் என்கிறார். நானும் தலையாட்டினேன். தலையாட்டினேன், அக்கா. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் அந்தத் தலையைப் பிடிக்கவே இல்லை.

குழுவிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன். சொன்னால் என் வேலை என்னாகும் என்று தெரியவில்லை. இந்தப் பத்தியை மூன்று தடவை கிழித்து நாலாவது தடவை எழுதுகிறேன்.

தம்பி


பிப்ரவரி 28

போகாதே.

உன்னைக் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு வந்தது, நீயாகவே போய்த் தலையைக் கொடுப்பதற்கா? அம்மாவும் போகாதே என்கிறாள். நான் மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன், இதுவரை ஒன்பது பக்கம். இது என் சண்டை. எனக்குப் பாதுகாப்பாக ஒரு குண்டூசி வேண்டாம்.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்கா,

போய்விட்டேன். உன் கடிதம் முந்தின நாளே வந்துவிட்டது, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். சுத்தம் சார் சொன்னதை மீறினேன், இப்போது நீ சொன்னதையும். பழக்கமாகிவிடும்போல இருக்கிறது.

பணியாளர் பிரிவுக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். வழக்கம்போல வாலில் போய் நின்றேன். பத்து நிமிடம் நின்றிருப்பேன். பிறகு நீ எழுதியது ஞாபகம் வந்தது. எல்லோரையும் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினேன். பின்னால் ஒருவர் "தம்பி, வரிசை தெரியலையா?" என்றார். "தெரியுது சார், அதான் பிரச்சினையே" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

உள்ளே சுத்தம் சாரும் இருந்தார். நல்லதாகப் போயிற்று. ஒரே மூச்சில் சொன்னேன். "மேடம், அந்த மாட்யூலை நான் சார் சொன்னதை மீறிச் சேர்த்தேன். சேர்க்கத் தெரியாம தப்பான இடத்துல சேர்த்தேன். எங்கக்கா அதைக் கண்டுபிடிச்சு, திருத்தி, கட்டி, வேலையையும் முடிச்சாங்க. தகுதி இல்லாதது நான். அவங்க இல்லை."

மேடம் என்னைப் பார்க்கவில்லை, சுத்தம் சாரைப் பார்த்தார். "இதைச் சேர்க்க எவ்வளவு வேலை?" என்று கேட்டார்.

"ஒரு வரி மேடம்" என்றேன்.

"எவ்வளவு இடம் அடைக்கும்?"

"ஒரு போட்டோ அளவுகூட வராது."

"கேள்வி இடத்தைப் பத்தி இல்ல மேடம், பட்டியல்..." என்று ஆரம்பித்தார் சுத்தம் சார்.

"அந்தக் கை நம்ம குழியில போச்சு சார்" என்றேன். நான்தான் சொன்னேன். என் குரல்தான். "அதுக்குப் பதிலா ஒரு வரி. அதுகூட உங்க பட்டியலை அழுக்காக்குதா?"

மேடம் ஒரு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

முடிவு இதுதான். வரியைச் சேர்த்துச் சரியான மெஷினில் உனக்கு மறுதேர்வு, மார்ச் 18. வரியைச் சேர்க்க எனக்கு அன்றே அனுமதி கொடுத்தார்கள். இந்தத் தடவை படித்தும் பார்த்தேன், அம்பையும் அழுத்திப் பார்த்தேன். அனுமதியில்லாமல் மாற்றம் செய்ததற்கு எனக்கு மூன்று மாதம் தபால் பிரிவு. இந்தக் கவரை நானேதான் ஒட்டினேன். உண்மையிலேயே இரண்டு கை வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சொன்னதை இப்போது எழுதிவிடுகிறேன். உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். எனக்குத்தான் பயமாக இருந்தது, அக்கா. நீ இல்லாமல் அந்த அறையில் நிற்கப் பயம். உன்னை வீட்டில் உட்காரவைத்தால் என் பயம் நியாயமாகிவிடும் என்று நினைத்தேன். தப்பு.

தம்பி


மார்ச் 24
கம்ப்யூட்டர் அறை, இரண்டாவது மாடி

குண்டூசிக்கு,

மறுதேர்வை ஐம்பத்தொரு நிமிடத்தில் முடித்தேன். மண்டலம் வேறு, ஒழுகல் வேறு. சுண்டுவிரல் அடித்த அடியில் அந்த மேல் அம்பு தேயாமல் இருந்ததே அதிசயம். இந்த வாரம் பள்ளிக்குப் பின்னால் தோண்டிப் பார்த்தார்கள். இரண்டாவது வால்வுக்கும் மூன்றாவது வால்வுக்கும் நடுவில் தண்ணீர் ஊற்றாகக் கிடந்ததாம். அதற்கு அங்கீகாரம் வேண்டுமா என்று சுத்தம் சாரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். படியில் ஏறிக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது.

நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பட்டியலைத் திறந்தேன். என் வரி எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அதற்கு மேலே நீ எழுதி வைத்திருந்த குறிப்பையும் படித்தேன். 'இந்த வரியை எடுக்காதீர்கள். இதை வைத்து ஒருவர் வேலை செய்கிறார்.' இரண்டு தடவை படித்தேன். எழுத்து புரியாமல் இல்லை. பிறகு 'இனி வருகிறவர்களும் செய்வார்கள்' என்று நானும் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இடது கையால்தான். யாராவது அழித்துப் பார்க்கட்டும்.

உனக்கு மூன்று மாதம் என்று அவர்கள் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உன்னை உடனே மேலே அனுப்ப வேண்டும் என்று மேடத்துக்கு மனு எழுதியிருக்கிறேன், பதினாலு பக்கம், கையெழுத்து இப்போது நன்றாகவே இருக்கிறது. அதை இந்தக் கடிதத்தோடு ஒட்டாத கவரில் வைத்துக் கீழே உன்னிடமே கொடுத்தனுப்புகிறேன். கவர் ஒட்டுவது என் வேலை இல்லை.

ஸ்டூல் காலியாகவே இருக்கிறது. யாரையும் உட்காரவிடவில்லை.

கவரை ஒட்டு. இன்றைக்குப் போகிற தபால் கட்டோடு வை. அடியில் சொருகினாய் என்று கேள்விப்பட்டால் நானே இறங்கி வருவேன். மேலே வை.

அக்கா